ஏழாம் கூடை அத்தி

அஞ்சலைக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு நிமிரப் பார்த்தாள். முதுகு பாதி வந்து நின்றுகொண்டது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து காம்பில் பிசுபிசுத்தது. காலையில் குடித்த கூழ் போன இடம் தெரியவில்லை. வயிறு முதுகோடு ஒட்டி, இரைந்துகொண்டிருந்தது.

அவள் நின்றது அத்தி மரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டிய பள்ளத்துக்குள். ஆள் மார்பளவு ஆழம். நடுவில் மரம் மட்டும் தன் வேரையும் மண்ணையும் இடுக்கிக்கொண்டு தீவு மாதிரி நின்றது.

"இன்னாமே, குந்திட்டே?" என்றான் மேலே கரையில் நின்ற சம்பந்தம். வலது கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

"நீ எறங்கு. நா மேல நின்னுகினு கேள்வி கேக்கறேன்."

"கை நல்லா இருந்தா நானு ஏம்மே உன்ன எறக்கறேன்?"

"கை இருந்தப்ப மட்டும் இன்னா, ராணி மாதிரி வெச்சிகினியா?"

சம்பந்தம் சிரித்தான். சிரித்தால் தோள் இழுக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சம்பந்தம் சாய்க்காத மரம் இல்லை என்பார்கள். மனை போடுகிறவர்கள், ரோடு அகலப்படுத்துகிறவர்கள், புயலில் சாய்ந்ததை அகற்றுகிறவர்கள், எல்லாரும் அவனைத்தான் தேடி வருவார்கள். போன ஐப்பசிப் புயலில் பட்டாபிராம் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது மேலே தொங்கிய கிளை முறிந்து தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் கூடவில்லை. தோளுக்கு மேல் தூக்க முடியாது. வாள் மெஷினைப் பிடித்தால் விரல் தானாகவே விட்டுவிடும். வெட்டு வேலை அத்தோடு போயிற்று. ஒரே மகள் நாகவல்லி செங்குன்றத்தில் மாமியார், கொழுந்தன் என்று ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துகிறாள். அங்கே போய் எத்தனை நாளைக்கு உட்கார முடியும்?

அந்த நேரத்தில்தான் கிருஷ்ணப்பிரியா ஆள் விட்டாள்.

திருநின்றவூர் ஏரிக்கரைக்குப் பின்னால் கங்காதரனுடைய பழைய தோப்பு. அதைக் குத்தகைக்கு எடுத்து அந்தப் பெண் தட்டு எறியும் மைதானம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தாள். கரூர்க்காரி. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். மைதானத்தில் ஒன்பது இடத்தில் இரும்புக் கம்பம். கம்பத்தில் சங்கிலி சங்கிலியாகத் தொங்கும். அதன் கீழே ஒரு கூடை. தூரத்திலிருந்து தட்டை வீசி, சங்கிலியில் மோதவிட்டு, கூடையில் விழவைக்க வேண்டும். சனி ஞாயிறானால் அடுக்குமாடிகளிலிருந்து ஆண், பெண், பிள்ளை குட்டி என்று வந்து விளையாடுவார்கள். சங்கிலி சலங்கை மாதிரி சத்தம் போடும்.

ஏழாவது கூடைக்கு முன்னால் இந்த அத்தி. இதைச் சுற்றி வளைத்து எறியத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன்.

இப்போது அத்தி நிற்கும் இடம் வழியாக ஏரியின் உபரித் தண்ணீருக்குக் கால்வாய் வருகிறது. அத்தி, இரண்டு பூவரசு, ஒரு புங்கன், ஒரு வேம்பு, ஐந்தும் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டன. கோடு போட்டவர்கள் சுண்ணாம்பைத் தூவிவிட்டுப் போய்விட்டார்கள்.

"எத்தினி நாள்ல வெட்டணும்?" என்றுதான் சம்பந்தம் முதலில் கேட்டான்.

"வெட்ட வேண்டாங்கண்ணா. பேத்துக் கொண்டுபோய் அந்தக் கடைசியில நடணும்."

"நடணுமா?"

"ஆமாங்க."

"நான் நட்டதே கெடயாதும்மா. சாய்க்கிறதுதான் தெரியும்."

"எனக்கும் தெரியாதுங்கண்ணா. ஃபோன்ல பாத்து வெச்சிருக்கேன். சேந்து கத்துக்கலாம்."

பக்கத்தில் நின்றிருந்த கங்காதரன் கைத்தடியால் மண்ணைக் கிளறினார். நிலம் அவருடையது. அவருடைய இரண்டு தம்பிகளும் மனை போட்டு விற்றுவிடலாம் என்று வருஷக்கணக்காக நச்சரித்து வருகிறார்கள்.

"இத பாரும்மா," என்றார். "எங்கப்பன் பாட்டன் காலத்துலர்ந்து கீற மரம் இது. இது நம்ம ஊட்டு ஆளு மாதிரி. அதான் நானும் இந்த நெலத்த விக்காம புட்சிகினு கீறேன். ஆடி பொறக்கறதுக்குள்ள இது துளுத்துச்சுன்னா நீ ஆடிகினு இரு, குத்தகை எழுதித் தரேன். பட்டுப் பூட்ச்சுன்னா எனக்கு இந்த நெலத்துமேல ஒரு பிடிப்பும் இல்ல. தம்பிங்க சொல்ற மாதிரி பிளாட் போட்டு உட்ருவேன்."

கிருஷ்ணப்பிரியா தலையாட்டினாள். பிறகு சம்பந்தத்திடம், "வேலை முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்குங்க. மைதானத்தப் பாத்துக்க ஆள் வேணும். அந்த ரூம்ல இருந்துக்கலாம்," என்றாள்.

அந்த அறைக்குத் தகரக் கூரை, ஒரு ஜன்னல், வாசலில் ஒரு குழாய். அஞ்சலை போய் உள்ளே நின்று பார்த்தாள். சுவர் ஓரமாய்ப் பாய் விரிக்க இடம் இருந்தது. அடுப்பை எங்கே வைப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். மரம் பட்டுப்போனால் அந்த அறையும் போய்விடும். அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மற்ற நாலு மரமும் சின்னவை. கிளையைக் கழித்து, வேர்மண்ணைக் கோணியில் சுற்றி, ஆட்களோடு டிராக்டரில் வைத்து இழுத்துக்கொண்டுபோய் நட்டாகிவிட்டது. அத்திக்குத்தான் பள்ளம் வெட்டி, பக்கவேரைச் சீராக நறுக்கி, நறுக்கின வாயில் சாணியைக் குழைத்து அப்பி, வேர்மண் முழுவதையும் நனைந்த கோணியால் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்ட வேண்டியிருந்தது. சம்பந்தம் சொல்லச் சொல்ல அஞ்சலையும் இன்னும் இரண்டு கூலிப் பெண்களும் கட்டினார்கள். கைக்குழந்தைக்குத் துணி கட்டுவதுபோல இருந்தது அஞ்சலைக்கு.

கிரேன் வருவதற்கு முந்தின சாயங்காலம் சம்பந்தம் குளித்துவிட்டு வந்தான். பெரிய மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் அவன் தொழிலில் ஒரு முறை உண்டு. கோடாலியை மரத்தடியில் சாய்த்து வைப்பார்கள். வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம், சூடம். சூடம் எரியும்போது மரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். காலையில் கோடாலி விழாமல் நின்றால் கை வைக்கலாம். சின்ன மரங்களுக்கு அது கிடையாது. அதனால் அந்த நாலுக்கும் அவன் செய்யவில்லை. அத்திக்குச் செய்தான். அஞ்சலை பின்னால் கைகட்டி நின்றாள். அவன் உதடு அசைந்ததைப் பார்த்தாள். வார்த்தையைக் கவனிக்கவில்லை. பெட்டிக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

காலையில் கோடாலி நின்றது.

கிரேன் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வந்தது. ஓட்டுகிற ஜெகதீஷ் வாயில் பாக்கோடு இறங்கி மரத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாத்தே, மெஷினு தூக்கிகீறேன், கண்டெய்னர் தூக்கிகீறேன், ஒரு தபா தண்டவாளத்துலர்ந்து எரும தூக்கிகீறேன். மரத்த உசுரோட தூக்கினதில்ல."

"எரும எதுனா சொல்லிச்சா?"

"தாங்ஸ் சொல்லிச்சு. நீ பெல்ட்ட ஒழுங்கா மாட்டு."

அகலமான பெல்ட்டுகளை வேர்மண்ணுக்கு அடியில் விட்டு, தண்டில் கோணிமெத்தை வைத்துக் கட்டினார்கள். கிளை கழித்த அத்தி, மொட்டைக் கைகளை மேலே நீட்டியபடி நின்றது. கிரேன் உறுமியது. கயிறு விறைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் உறுமியது. அப்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ பூமிக்கு அடியில் விரல் நெட்டி முறிக்கிற மாதிரி. ஒன்று, மறுபடி ஒன்று, பிறகு வரிசையாய். ஆணிவேரின் அடிநுனிகள் அறுந்துகொண்டிருந்தன.

மரம் எழுந்தது.

சம்பந்தம் வாயைத் திறந்தபடி நின்றான். ஆயிரம் மரம் விழுந்ததைப் பார்த்தவன் அவன். எந்தப் பக்கம் சாயும், எந்தக் கொப்பு முதலில் தரையைத் தொடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மரம் மேலே போவதை அவன் பார்த்ததில்லை. வேர்மண் தரையை விட்டுக் கிளம்ப, அதன் அடியிலிருந்து ஈர மண் பொலபொலவென்று கொட்டியது. குளிர்ந்த வாசனை ஒன்று குழியிலிருந்து கிளம்பி எல்லார் முகத்திலும் அடித்தது. நூறு வருஷமாக வெயில் படாத இடம் அது. அந்த இடத்தில் வெயில் விழுந்தது. ஒரு மண்புழு நெளிந்து நிழலைத் தேடியது.

தட்டும் கையுமாய் விளையாட வந்திருந்த விஷ்ணுவும் ஸ்வாதியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். யாரும் அவர்களைக் கழற்றச் சொல்லவில்லை.

"யம்மா," என்றாள் அஞ்சலை.

மரம் வானத்தில் தொங்கியபடி மைதானத்தைக் கடந்தது. ஆறாவது கூடைக்கு மேலே போகும்போது காற்றில் சங்கிலிகள் லேசாகக் குலுங்கின. கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாகம்மாளுடைய கீரைக் கொல்லையை ஒட்டித் தோண்டி வைத்த புதுக்குழியில், கிழக்குப் பக்கம் கிழக்கிலேயே இருக்கும்படி திருப்பித் திருப்பி இறக்கினார்கள். செம்மண், மணல், மக்கின எரு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் போட்டு மிதித்தார்கள். தண்டில் சாணி மெழுகி வைக்கோல் வைத்துக் கோணி சுற்றி, நாலு பக்கமும் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்தார்கள். ஏழாவது கூடையையும் பிடுங்கி வந்து அதன் பின்னால் நட்டார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் சுடுசோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சம்பந்தம் மட்டும் சாப்பிடவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னுய்யா."

"அத்து ஏந்திரிச்சத பாத்தியாமே?"

"பாத்தேன். துன்னு."

"எம்மாம் பெரிய ஆளு. நாம இன்னாமே, தூசு."

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பூவரசு இரண்டும் தளிர்த்தன. புங்கன் பச்சைப் பொட்டு வைத்தது. வேம்பு செந்தளிர் விட்டது. அத்தி மட்டும் நட்டபடியே நின்றது. அஞ்சலை காலையிலும் சாயங்காலமும் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துத் தண்ணீர் விட்டாள். கோணியை நனைத்தாள். விடிந்ததும் போய் மொட்டைக் கிளைகளை அண்ணாந்து பார்ப்பாள். கழுத்து வலிதான் மிச்சம்.

விஷ்ணு ஒருநாள் பந்தயத்துக்கு நடுவில் வந்து நின்றான். "அக்கா, இது வராதுக்கா. விட்டுடுங்க. ஆன்லைன்ல பெரிய மரமாவே கிடைக்குது, ஆர்டர் போட்டா லாரில வந்துடும்."

"மரம் இன்னா சோத்துப் பொட்டலமா, ஆர்டரு போட? போய் தட்ட எறி, போ."

அவனை அனுப்பிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பழைய சோற்றில் மாங்காய் நறுக்கிப் போட்டுக் கணவனுக்கு வைத்தவள், அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நாலும் வந்துட்ச்சு. இத்து ஏன் வரல?"

"வயசான மரம். நேரம் புடிக்கும்."

"அதுங்களுக்குச் செய்யாதது இதுக்கு இன்னா செஞ்ச?"

"இன்னா செஞ்சேன்? சூடம் கொளுத்தனேன். மருவாதி செஞ்சேன்."

"சூடம் கொளுத்திட்டு இன்னாய்யா சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான்."

"எப்பவும் இன்னா சொல்லுவ? சொல்லு, கேப்போம்."

சம்பந்தம் சோற்றைப் பிசைந்தபடி, பல வருஷம் சொன்ன பழக்கத்தில் மடமடவென்று சொன்னான்: "இதுல குடி கீறவங்க அத்தினி பேரும் ஏந்து போங்க. வேற மரம் பாத்துக்குங்க. இத்து இனிமே மரம் இல்ல. எங்க மேல குத்தம் இல்..."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

வெளியே மின்சார ரயில் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனது.

"யோவ்," என்றாள் அஞ்சலை. "வெட்டற மரத்துக்குச் சொல்றத, வாழப்போற மரத்துக்குச் சொல்லிட்டியா?"

"வாய் அதுவா சொல்லிட்ச்சுமே."

"மரம் இல்லன்னு சொல்லிகீறியே. ஊட்ட காலி பண்ணுன்னு சொல்லிட்டு ஊட்ட மட்டும் தூக்கியாந்து வெச்சிகீற. உள்ள ஆளு யாரு கீறாங்க?"

சம்பந்தத்துக்கு வேர்த்துவிட்டது. கட்டிய கையைத் தடவிக்கொண்டான். "இப்ப இன்னா செய்றது?"

"திரும்பக் கூப்புடு."

"கூப்புட வார்த்த இல்லமே. எங்க தொழில்ல போன்னு சொல்லத்தான் கத்துக் குட்த்தாங்க. வான்னு சொல்ல எவனும் சொல்லித் தரல."

மறுநாள் உச்சி வேளையில், மைதானத்தில் ஈ காக்கை இல்லாதபோது, அஞ்சலை தனியாகப் பழைய இடத்துக்குப் போனாள். அங்கே குழி இல்லை. கால்வாய்க்காரர்கள் அதைத் தாண்டி வெட்டிப் போயிருந்தார்கள். வெயில் கொதித்தது. மண் பிளந்து கிடந்த பள்ளத்தைப் பார்த்தபோது யாருடைய வீட்டையோ இடித்த இடத்தில் நிற்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. புதுவீட்டுக்கு உறவுக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"எம் புருசன் தெரியாம சொல்ட்டாரு. மனசுல வெச்சிக்காதீங்க. மரம் அங்கதான் கீது, அந்தக் கோடியில. கெயக்கு பாத்துதான் கீது. பெருசு, சிறுசு, பறக்கறது, ஊர்றது அல்லாரும் வாங்க. நா கீறேன். தண்ணிக்குக் கொற வெக்க மாட்டேன்."

கால்வாய்க்குள் இறங்கி, மரம் நின்ற இடத்து மண்ணாக ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பி நடக்கும்போது முதுகு சிலிர்த்துக்கொண்டே வந்தது. பின்னால் கூட்டமாய் யாரோ நடந்து வருவதுபோல. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்த மண்ணை அத்தியின் அடியில் தூவினாள்.

அடுத்த வாரமே போர்வெல் கைவிட்டது. ஹோஸ் இருமி, சேற்றைத் துப்பி, காற்றை ஊதியது. சுற்றிலும் அடுக்குமாடிகள், ஒவ்வொன்றும் ஆழமாய்ப் போர் போட்டு இழுத்துக்கொண்டிருந்தன. கிருஷ்ணப்பிரியா தண்ணீர் லாரிக்காரர்களுக்கு ஃபோன் போட்டபடி வெயிலில் நடந்தாள்.

"ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்கக்கா. ஃபிளாட்டுக்கே பத்தலையாம். எங்கூர்ல இருந்தா எங்கயாச்சும் ஒரு கெணறு கேட்டிருப்பேன். இங்க எனக்கு யாரையும் தெரியாதுங்களே." அவள் கண் கலங்கியிருந்தது.

அஞ்சலைக்கு ஒரு கிணறு தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம், நாகம்மாளுடைய கிணறு. போகத்தான் கால் வரவில்லை.

நாகம்மாள் புருஷன் போன பிறகு தனியாளாய்க் கீரை போட்டு, விடிகாலை ரயிலில் கூடையோடு ஏறிக் கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் விற்கிறவள். மைதானத்துக்காரர்களை அவளுக்கு ஆகாது. அஞ்சலை துணிந்து போனபோது அவள் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாய் ஆறேழு தட்டுகள். எல்லாம் மைதானத்திலிருந்து பறந்து வந்தவை.

"இன்னா, தட்டு கேக்க வந்தியா? தர மாட்டேன். கோழிக்கு வசதியா கீது."

"தட்டு கேக்க வரலக்கா."

"உங்காளுங்க தட்டு எங் கீரையில வுழுதா, அத்த எடுக்க ஒருத்தன் பூட்ஸு காலோட பாத்தி மேலயே ஓட்றான். கேட்டா சாரி ஆன்ட்டின்றான். சாரிய வெச்சி நான் இன்னா கொழம்பு வெக்கறதா?"

"தண்ணி கேட்டு வந்தேன்க்கா. அத்திக்கு."

நாகம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "எங் கேணிய எட்டிப் பாத்தியா? காத்தால கீரைக்கு வுட்டா அடி தெரியுது. அப்பறம் நாள் பூரா ஊறணும். ஒண்ணு மரம் குடிக்கணும், இல்ல கீரை குடிக்கணும். ரெண்டுக்கும் ஏது?"

அஞ்சலை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. புருஷன் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். உச்சி வெயிலில் போய்க் கூப்பிட்டதைச் சொன்னாள். "தண்ணிக்குக் கொற வெக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்க்கா."

நாகம்மாள் வெகுநேரம் வேலிக்கு அப்பால் தெரிந்த மொட்டை மரத்தைப் பார்த்தாள்.

"வாங்கன்னு கூப்ட்டுட்டியா?"

"கூப்ட்டுட்டேன்."

"வாய் தொறந்து கூப்ட்டியா, மனசுக்குள்ளயா?"

"வாய் தொறந்துதான்."

"அப்ப வந்துருப்பாங்களேடி." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "வந்தவங்கள குந்த வெச்சிட்டு தண்ணி இல்லன்னு எப்பிடி சொல்றது?"

அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வேலிக் கம்பியைத் தூக்கி, வரப்பை வெட்டி, தன் கிணற்று வாய்க்காலை அத்திப் பக்கம் திருப்பினாள். கீரைப் பக்கத்து மடையில் இரண்டு கூடை மண்ணைக் கொட்டி மிதித்து அடைத்தாள். மோட்டார் ஓடியது. தண்ணீர் தயங்கித் தயங்கி வந்து அத்தியின் குழியில் இறங்கியது. மண் புஸ்ஸென்று குமிழி விட்டுக் குடித்தது.

வைகாசி வெயில் தீயாய் எரிந்தது. தினமும் அதேதான். கிணற்றில் ஊறுவது முழுக்க அத்திக்கு. அஞ்சலை மடை பார்த்தபடி இந்தப் பக்கம் நிற்பாள். அந்தப் பக்கம் முளைக்கீரைப் பாத்தி முதலில் தலை சாய்ந்தது. பிறகு மஞ்சளாகி வைக்கோலாகியது. காற்றடித்தால் பொடிந்து பறந்தது. நாகம்மாளுடைய கூடை கூரையில் தலைகீழாய்த் தொங்கியது. விடிகாலை ரயில் போகிற சத்தம் கேட்டால் அவள் வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே போவாள். அஞ்சலை அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆனி பிறந்த பிறகு ஒரு காலை. கோணியை நனைக்கப் போன அஞ்சலைக்குத் தண்டில் கோணி ஓரிடத்தில் புடைத்திருப்பது தெரிந்தது. உள்ளே பல்லியோ ஓணானோ என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்தினாள். வைக்கோல் உதிர்ந்தது.

ஒரு இலைகூட இல்லாத மரத்தின் தண்டிலிருந்து, பட்டையைப் பிளந்துகொண்டு, கொத்தாகக் காய்கள். பச்சையாய், உருண்டையாய், மேலே மெல்லிய பூனைமயிரோடு. தாயின் மாரை முட்டும் குட்டிகள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

"யோவ்!" என்று அவள் போட்ட கூச்சலில் சம்பந்தம் விழுந்தடித்து ஓடி வந்தான். பார்த்தவன் முகம் வெளுத்தது.

"சாவப்போற மரம் காயத் தள்ளும்மே," என்றான் மெதுவாக. "கடேசி மூச்சுல இருக்கறத கொட்டிட்டுப் போவும். நான் பாத்துகீறேன்."

"வாய மூடு. உன் வாயாலதான் இம்மாம் கூத்து."

அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேரும் தண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பட்டை குளிர்ந்திருந்தது. கிருஷ்ணப்பிரியா வந்தாள், பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷ்ணு படம் எடுக்க ஃபோனைத் தூக்கினான். பிறகு என்ன தோன்றியதோ, பையில் போட்டுக்கொண்டான்.

காய்கள் சிவந்தன. சிவந்து பழுத்த அன்றைக்கு விடியலில் அஞ்சலையை எழுப்பியது ஒரு இரைச்சல். சந்தை கூடின மாதிரி. வெளியே வந்தாள். மொட்டை மரம் முழுக்க உயிர். கொண்டைக்குருவிகள், கிளிகள், குயில் ஒன்று, பேர் தெரியாத மஞ்சள் குருவிகள், தலைகீழாய் ஓடும் அணில்கள். அடியில் எறும்பு சாரை சாரையாய் ஏறிக்கொண்டிருந்தது. சவுக்கு முட்டில் ஒரு ஓணான் தலையை ஆட்டி ஆட்டி யாரையோ விசாரித்தது. ஏழாவது கூடையின் சங்கிலியில் குருவி வந்து உட்கார, அது மெல்லச் சலங்கை மாதிரி ஒலித்தது.

அஞ்சலை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பெரிய இடத்து ஆட்கள் வந்திருக்கும்போது நிற்பதுபோல.

"வந்துட்டாங்க," என்றாள்.

சம்பந்தம் கழுத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு, வராத கையை மற்றக் கையால் தூக்கிச் சேர்த்து, கும்பிட்டான்.

மேலே, வடகிழக்குக் கொம்பின் வெட்டுவாயில், முதல் தளிர் இருந்தது. நகம் அளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. கங்காதரன் தம்பிகளோடு வந்தார். அதற்குள் கொம்பெல்லாம் இலை. அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உதிர்ந்த பழம் ஒன்றைப் பிட்டு, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிக்குதாண்ணே?" என்றான் ஒரு தம்பி, எரிச்சலோடு.

"துவர்ப்புதான்," என்றார். "பத்திரத்த எழுதும்மா. ஆடிகினு இரு."

கிருஷ்ணப்பிரியா அஞ்சலையைக் கட்டிக்கொண்டாள். இனி உங்களுக்குத்தான் என்று தகர அறையின் சாவியை அவள் கையில் வைத்தாள். அஞ்சலை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக வேலிக்கு அந்தப் பக்கம் போனாள்.

நாகம்மாள் மடையில் கொட்டிய மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பாத்திகள் வெளுத்து வெடித்துக் கிடந்தன.

"எழுதறேன்ட்டாராக்கும்?"

"எழுதறேன்ட்டாருக்கா."

"ம்."

"மண்ண நான் கொத்திப் புரட்டறேன்க்கா. வெதயும் நானே தெளிக்கறேன். நீ குந்து."

"எந்த வெத?"

"கீரை வெத."

நாகம்மாள் மண்வெட்டியால் கடைக்கோடிப் பாத்தியைக் காட்டினாள். அதுவும் வைக்கோலாய்க் கிடந்தது. "வெதைக்கின்னு வுட்ட பாத்தி அது. பூ எடுக்கறதுக்கு மின்னயே காஞ்சிட்ச்சு. எம் மாமியா கொண்டாந்த வெதடி, வருசா வருசம் எடுத்து வெச்சது. கடையில வாங்கறது ரெண்டு அறுப்புக்கு மேல நிக்காது."

"அப்பவே ஏங்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா? தண்ணிய நிறுத்தியிருப்ப." அவள் மண்ணை ஓங்கிக் கொத்தினாள். "வந்தவங்க நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க."

"அத்து போதும். நவுரு, மண்ணு தெறிக்குது."

அஞ்சலை நகரவில்லை. நாகம்மாள் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி வெட்ட ஆரம்பித்தாள். அந்த முளைக்கீரை விதை இன்னும் யார் வீட்டிலாவது இருக்குமா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், திருநின்றவூரிலும் அதைத் தாண்டியும். கிடைக்கவில்லை. ஒரு போகம் கீரையும் அதன் விதையும் நாகம்மாளுக்கு அவள் தர வேண்டும். இன்னும் தரவில்லை.